பீக்கிங் யூனிவர்சிட்டிக்கு சென்னைல இருந்து அப்ளை பண்ணணுமா? பேர்ல இருந்து ஆரம்பிங்க

சீனாவோட பெய்ஜிங்ல இருக்குற பீக்கிங் யூனிவர்சிட்டில மாஸ்டர்ஸ் படிக்க ஆசைப்படுறவங்க மொதல்ல பாஸ்போர்ட்டை எடுத்து உங்க பேரைப் பாருங்க. மார்க்‌ஷீட்ல 'எஸ். கார்த்திகா'ன்னு இருக்கும், பாஸ்போர்ட்ல அந்த எஸ் விரிஞ்சு அப்பா பேரா சர்நேம் கட்டத்துல இருக்கும், இல்லேனா கட்டமே காலியா இருக்கும். என் தங்கச்சிக்கு ஃபார்ம் போட்டப்போ இதுலயே ரெண்டு வாரம் போச்சு, ஏன்னா காலேஜ்ல குடுத்த டிரான்ஸ்கிரிப்ட்ல இனிஷியல் முன்னாடி, டிகிரில பின்னாடி. பாஸ்போர்ட்ல எப்படியோ அப்படியே ஃபார்ம்ல அடிங்க, ரெண்டு விதமா எழுதுன பேரும் ஒரே ஆளோடதுதான்னு நோட்டரி அஃபிடவிட் ஒண்ணு சேர்த்து வைங்க.

சீன அரசு ஸ்காலர்ஷிப் கெடச்சா ஃபீஸ், ஹாஸ்டல், இன்ஷூரன்ஸ் போக மாசம் 3000 யுவான் வரும், வயசு 35க்குள்ள இருக்கணும். எம்பசி வழியாவும் போகலாம், யூனிவர்சிட்டி வழியாவும் போகலாம். இங்கிலீஷ்லயே படிக்கணும்னா இதே யூனிவர்சிட்டில 2014ல தொடங்குன யென்சிங் அகாடமிய பாருங்க, சீன மொழில நடக்குற கோர்ஸ்னா எச்எஸ்கேங்கிற சீன மொழித் தேர்வு ஸ்கோர் வேணும்.

அங்க போய் என்ன படிக்கப் போறீங்கன்னு எழுதிக் குடுக்குற ஸ்டடி பிளான்தான் உயிர். அங்க கம்யூனிஸ்ட் கட்சிக் கமிட்டி தலைமைலதான் யூனிவர்சிட்டி பிரசிடென்ட் வேலை பாப்பாரு, 1998 உயர்கல்விச் சட்டத்துலயே இருக்கு. அதுக்காக கட்சியப் புகழ்ந்து எழுத வேணாம், 1918ல மாவோ அந்த லைப்ரரில உதவியாளரா இருந்தத வச்சு பாரா பாராவா நிரப்பவும் வேணாம், உங்க சப்ஜெக்ட்ட எழுதுங்க. இந்தியத் தொடர்பு சொல்லணும்னா அங்க பாடம் நடத்துன ஜி ஷியான்லின் இருக்காரு, வால்மீகி ராமாயணத்த சமஸ்கிருதத்துல இருந்தே சீன மொழிக்குக் கொண்டு போனவரு, 2008ல பத்மபூஷண் வாங்குனவரு. என் தங்கச்சி எங்க தாத்தாவ எழுதுனா. 1963ல ஆரம்பிச்ச சீன வானொலியோட தமிழ் ஒலிபரப்ப ஷார்ட்வேவ்ல கேட்டு லெட்டர் போட்டுக்கிட்டே இருந்த மனுஷன் அவரு. அந்த ஒரு பாரா படிச்சப்போ எனக்கே கண்ணு கலங்கிடுச்சு.

அரசியல் பாடம் கட்டாயமான்னு நெறைய பேரு பயப்படுறாங்க. வெளிநாட்டு ஸ்டூடண்ட்ஸ்க்கு சீன மொழியும் சீனா பத்தின அறிமுகப் பாடமும் கட்டாயம், அரசியல் கோட்பாடுப் பாடம், தத்துவமோ அரசியலோ படிக்கிறவங்களுக்குத்தான்.

மெடிக்கல் ஃபார்ம்ல ஃபோட்டோ ஓரத்துல ஆஸ்பத்திரி சீல் பாதி விழுந்திருக்கணும், இல்லேனா செல்லாது. ரிப்போர்ட் 6 மாசம்தான் தாங்கும், அவசரப்பட்டு எடுக்காதீங்க. ஸ்காலர்ஷிப்போட சீட் கெடச்சதும் அட்மிஷன் லெட்டரும், விசாவுக்கான ஜேடபிள்யூ201 ஃபார்மும் வரும், அத வச்சு எக்ஸ்1ங்கிற ஸ்டூடண்ட் விசா எடுக்கணும். அங்க ஜிமெயில், வாட்ஸ்அப் ரெண்டும் பிளாக், அதனால எல்லா பேப்பரையும் பிரிண்ட் எடுத்து கைப்பைல வச்சுக்கோங்க, போய் எறங்குன 30 நாளுக்குள்ள ரெசிடென்ஸ் பர்மிட்டுக்கு அதத்தான் கேப்பாங்க.