வார நடுவில் ஒரு இசைத்துணுக்கு

புதன்கிழமை வந்தாலே தலை கனக்கிறதா? அமைதியான இசை ஒன்றைக் கேட்டுவிட்டு, அதையே நண்பருக்கும் அனுப்பிப் பாருங்கள். ஒன்றே ஒன்று போதும். நாற்பது பாட்டுள்ள பட்டியலை அனுப்பினால், அதுவும் முடிக்க வேண்டிய இன்னொரு வேலையாகிவிடும்.

தேர்ந்தெடுக்கும்போது வேகத்தைக் கவனியுங்கள். நிமிடத்துக்கு 60 முதல் 80 தாளத் தட்டுகள் வரை இருந்தால் நல்லது. ஓய்வாக இருக்கும்போது நம் இதயத் துடிப்பும் ஏறக்குறைய அந்த அளவுதான். வரிகள் இல்லாத புல்லாங்குழலோ பியானோவோ இன்னும் வசதி. வரி இருந்தால் மனம் அதன் பின்னாலேயே ஓடும். (மழைச் சத்தம் மட்டும் எனக்கு ஒத்துவராது, குழாயை மூடினோமா என்ற கவலை வந்துவிடும்!)

அனுப்பும்போது, 'மூன்றாவது நிமிடத்தில் வயலின் நுழையும் இடத்தைக் கேள்' என்பதுபோல் ஒரு வரி சேருங்கள். வெறும் இணைப்பைப் பலரும் திறப்பதில்லை. பதில் வரவில்லையா? சரி, விட்டுவிடுங்கள். 'கேட்டாயா?' என்று துரத்த வேண்டாம்.

அப்புறம், ஒலியளவு. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்வரைதான் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். படுக்கையில் கேட்பவர்கள் ஸ்லீப் டைமரை (பாட்டைத் தானே நிறுத்தும் வசதி) 20 நிமிடத்துக்கு வைத்துவிடலாம்.