அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள்: ராமநாதபுரம் கடலோரத்தில் நிலம் வாங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்த ஊரில் நிலம் கைமாறினாலும், பின்னால் வரும் வழக்குகளில் பெரும்பாலானவை அட்வான்ஸ் கொடுத்த அன்றே ஆரம்பித்துவிடுகின்றன. "இன்னொரு பார்ட்டி தயாரா நிக்குது" என்று புரோக்கர் அவசரப்படுத்துவார். பட்டா நகலை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுப்பார்கள். வில்லங்கம் (நிலத்தின்மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல்) போட்டுப் பார்ப்பது, வக்கீலிடம் காட்டுவது எல்லாம் அப்புறம்தான். அப்போது குறை தெரிந்தால் விலக மனம் வராது. விலகினாலும் பணம் திரும்பி வருவது கஷ்டம். அதனால், இங்கே சொல்லும் சோதனைகள் எல்லாமே அட்வான்ஸுக்கு முன்னால் செய்ய வேண்டியவை.

"பட்டா இருக்கே, போதாதா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். போதாது. பட்டா வருவாய்த்துறைப் பதிவு, அவ்வளவுதான். உரிமையைக் காட்டுவது தாய்ப்பத்திரத்திலிருந்து (நிலத்தின் ஆரம்பப் பழைய பத்திரம்) இன்றைய பத்திரம் வரை அறுபடாமல் வரும் தொடர்ச்சி. வில்லங்கச் சான்றை தமிழகப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பாருங்கள். ஊர் முன்பு வேறு சார்பதிவாளர் அலுவலக எல்லையில் இருந்திருந்தால் அங்கேயும் தேட வேண்டும். ஒன்று நினைவிருக்கட்டும்: பதிவான ஆவணம் மட்டுமே வில்லங்கத்தில் வரும். பதியாத பாகப்பிரிவினையோ, வாய்மொழிக் குத்தகையோ, பங்கு கேட்கப்போகும் தங்கையோ அதில் தெரிய மாட்டார்கள். பதிவு முடிந்தால் உரிமை உறுதி என்பதும் தவறான நம்பிக்கை. விற்பவருக்கு உண்மையிலேயே உரிமை உண்டா என்று தீர்ப்பது பதிவு அலுவலரின் வேலை இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2025-லும் சொல்லியிருக்கிறது.

வாரிசு விஷயத்தில்தான் நம் பகுதியில் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரே கடற்கரையில் மூன்று வாரிசுரிமைச் சட்டங்கள் நடக்கின்றன. இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு. 1989-ல் தமிழ்நாடு திருத்தம் வந்தது, 2005-ல் மத்தியத் திருத்தம் வந்தது. 2005-ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் முஸ்லிம் குடும்பம் என்றால் ஷரியத் கணக்கு: மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று, பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கிறிஸ்தவக் குடும்பம் என்றால், உயில் இல்லாத நிலையில் மனைவிக்கு மூன்றில் ஒன்று போக மிச்சம் மகனுக்கும் மகளுக்கும் சமம்.

மூன்று இடத்திலும் ஒரே பதில்தான் வரும்: "அக்காவுக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு, அதுக்குப் பங்கெல்லாம் கெடையாது." சட்டம் இதை ஏற்காது. அந்த அக்கா தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் உங்கள் கிரயப் பத்திரத்தில் அவரும் கையெழுத்துப் போட வேண்டும். வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு, அதோடு நிற்காமல் பக்கத்து வீட்டிலும் விசாரியுங்கள். எந்த ஊருக்குக் கட்டிக்கொடுத்த மகளின் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். மைனர் பெயரில் சொத்து இருந்தால், இந்துக் குடும்பத்தில் தகப்பனே விற்றாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை 18 வயதான பிறகு மூன்று ஆண்டுக்குள் கிரயத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

உரிமையாளர் துபாயிலோ மலேசியாவிலோ இருப்பது இங்கே சாதாரணம். பவர் பத்திரம் (தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) மட்டும் வாங்கிக்கொண்டு நிலம் நம்முடையது என்று இருந்துவிடாதீர்கள். பவர் மூலம் உரிமை மாறாது என்று 2011-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் முடிந்துவிடும். வெளிநாட்டில் எழுதிய பவர் என்றால் இந்தியத் தூதரகச் சான்று இருக்கிறதா, இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கொடுத்தவரிடம் வீடியோ காலில் நேரடியாகப் பேசிவிடுங்கள்.

அடுத்தது நிலத்தில் இறங்கிப் பார்ப்பது. இதைத் தவறவிடவே கூடாது. விற்பவர் ரோட்டோரத்தில் நின்று, "அந்த ஒத்தப் பனையில இருந்து இந்த வேலி வரைக்கும் நம்மளது" என்று கை காட்டுவார். நடுவில் ஆள் நுழைய முடியாத கருவேலங்காடு. எல்லைக் கல் மணலுக்குள் எங்கேயோ கிடக்கும். புலப்படத்தை (நிலத்தின் அளவும் எல்லையும் காட்டும் சர்வே வரைபடம்) கையில் வைத்துக்கொண்டு, ஒரு நாள் ஆள் விட்டு முள்ளை வெட்டி, சர்வேயரை வைத்து அளந்தால்தான் அந்தப் பனை பக்கத்துப் புல எண்ணிலோ, கண்மாய்ப் புறம்போக்கிலோ நிற்பது தெரியவரும். பாதையையும் அப்போதே பாருங்கள். பத்திரத்தில் பாதை உரிமை எழுதாமல், "எல்லாரும் இப்படித்தானே போறோம்" என்று சொல்வதை நம்பி வாங்கினால், பக்கத்து நிலத்துக்காரர் வேலி போடும் நாளில் உங்கள் மனைக்குப் போக வழி இருக்காது.

கடலைப் பார்த்த இடம் என்று ஆசைப்பட்டு வாங்குபவர்களுக்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளை யாரும் சொல்வதில்லை. 1991-லிருந்தே இந்த விதிகள் இருக்கின்றன. உயர் அலைக் கோட்டிலிருந்து (ஓதம் ஏறும்போது கடல்நீர் எட்டும் எல்லை) 500 மீட்டர் வரை இவை செல்லும். கழிமுகத்தின் கரையோரத்துக்கும் பொருந்தும். கிராமப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டுவது பெரும்பாலும் நடக்காது. நிலத்தை வாங்க எந்தத் தடையும் இல்லை, பத்திரமும் பதிவாகிவிடும். கட்ட அனுமதி கேட்கும்போதுதான் இடிக்கும். கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் உங்கள் சர்வே எண் எங்கே விழுகிறது என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கோயில் நிலம், வக்ஃப் நிலம், அரசு ஒப்படைப்பு நிலம் (அரசு ஒருவருக்கு ஒதுக்கிக் கொடுத்த நிலம்) மூன்றும் இங்கே நிறைய. ஊரின் நிலங்களை வகை பிரித்து எழுதியிருக்கும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டைப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். நிபந்தனைப் பட்டா என்றால் அதன் நிபந்தனைகளை ஒரு வரி விடாமல் படியுங்கள். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவில், 20.10.2016-க்கு முன் மனையாகப் பதிவாகாத மனையைத் தொடவே வேண்டாம்.

இதெல்லாம் சரியாக இருந்தால் கிரய ஒப்பந்தம் போடுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து அதையும் பதிவு செய்தாக வேண்டும். 20 ரூபாய் முத்திரைத் தாளில் எழுதி வீட்டில் வைத்திருப்பதை நம்பாதீர்கள். அட்வான்ஸ் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் ரொக்கமாகக் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். செலவுக் கணக்கில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பணம் வங்கிக் கணக்கில் ஏறும் முன் அசல் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். புரோக்கர் கேட்டார் என்று வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். முழு சர்வே எண்ணையும் விற்காமல் ஒரு பகுதியை மட்டும் விற்பதாக இருந்தால், உட்பிரிவு செய்து அளந்து கல் நட்டுக் கொடுத்துவிடுங்கள். வாங்குபவரின் பட்டா மாறுதலும் தாமதமாகாது, மிச்ச நிலத்தின் எல்லையும் உங்கள் பிள்ளைகளுக்குத் தெளிவாக இருக்கும்.