பாடத்துக்கேற்ற இலவச இணையக் கருவி: தேடுவதிலிருந்து வகுப்பில் ஓட்டுவது வரை

மின்சுற்றுப் பாடத்துக்கு நல்ல செயல்விளக்கம் ஒன்று வேண்டுமென்று மூன்று இரவுகள் உட்கார்ந்து தேடினேன். கண்ணில் பட்ட தளங்களையெல்லாம் புக்மார்க் செய்து வைத்தேன். வகுப்பில் ஒன்றுகூட ஓடவில்லை. ஒரு தளம் ஒவ்வொரு மாணவரிடமும் மின்னஞ்சல் முகவரி கேட்டது. இன்னொன்று, சோதனைக் காலம் முடிந்துவிட்டது, பணம் கட்டுங்கள் என்றது. மூன்றாவது பாதியிலேயே நின்றுவிட்டது, இணைய வேகம் போதவில்லை. அன்றிலிருந்து தேடும் முறையை மாற்றிக்கொண்டேன். இப்போது ஒரு பாடத்துக்கு அரை மணி நேரம் போதுகிறது.

படி 1: பிள்ளைகள் தடுமாறும் இடத்தை ஒரு வரியில் எழுதுங்கள்

‘மின்சுற்று’ என்று மட்டும் தேடினால் வந்து குவியும். அதனால் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்கிறேன்: “பல்பைத் தாண்டியதும் மின்னோட்டம் குறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள்.” இப்படி எழுதியதுமே எனக்கு என்ன வேண்டும் என்பது தெளிந்துவிடுகிறது. பல்புக்கு முன்னும் பின்னும், மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர் வைத்துப் பார்க்கக்கூடிய ஒன்று. வெறும் வீடியோ, படம், பயிற்சித்தாள் எல்லாம் பட்டியலிலிருந்து தானாக விலகிவிடும்.

முதலில் தமிழில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லோடு ‘சிமுலேஷன்’ அல்லது ‘இன்டராக்டிவ்’ என்பதை ஆங்கிலத்தில் சேர்த்துத் தேடுங்கள். வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் கழித்தல் குறி போட்டால், அந்தச் சொல் உள்ள பக்கங்கள் வராது.

படி 2: பொதுத் தேடலுக்கு முன் இந்த நான்கு இடங்கள்

அறிவியலுக்கு நான் முதலில் போவது ஃபெட் (PhET) என்ற செயல்விளக்கத் தளம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் இயங்கும் திட்டம் இது. 2001இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன் 2002இல் தொடங்கியது. இதிலுள்ள மின்சுற்றுக் கருவியில் பேட்டரி, கம்பி, பல்பு ஆகியவற்றை இழுத்துவந்து இணைக்கலாம். எலக்ட்ரான்கள் நகர்வது கண்முன்னே தெரியும். பல்பின் இரு பக்கமும் அம்மீட்டர் ஒரே அளவைக் காட்டும்போது வகுப்பே ஒரு கணம் அமைதியாகிவிடும். அந்த ஒரு கணத்துக்காகவே இந்தக் கருவியை யாருக்கும் பரிந்துரைப்பேன். மொழிபெயர்ப்புப் பட்டியலில் தமிழும் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

கணிதத்துக்கு ஜியோஜீப்ரா. மற்ற ஆசிரியர்கள் செய்து வைத்தவற்றை மாணவர்கள் கணக்குத் தொடங்காமலேயே திறக்கலாம். வானவியலுக்கு ஸ்டெல்லேரியம். கணினியில் ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலே வானத்தைக் காட்டும். படங்களுக்கு விக்கிமீடியா காமன்ஸ்.

படி 3: மாணவரின் கண்ணால் திறந்து பாருங்கள்

என்னைத் தடுமாற வைத்தது இந்தப் படிதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் கணினியில் நாம் ஏற்கெனவே உள்நுழைந்திருப்போம். அதனால் எல்லாம் சுலபமாகத் திறக்கும். பிரவுசரில், நாம் உள்நுழைந்ததை நினைவில் வைக்காத இன்காக்னிடோ சாளரம் திறந்து, அதில் அந்த இணைப்பை ஒட்டுங்கள். முதன்முறை வரும் மாணவர் என்ன பார்ப்பாரோ அதுவே உங்களுக்கும் தெரியும். கணக்குத் தொடங்கச் சொன்னால் எனக்கு அந்தக் கருவி வேண்டாம். 13 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் தாமாகக் கணக்குத் தொடங்கக் கூடாது என்பது பல தளங்களின் விதி. பிள்ளைகளின் பெயரையும் முகவரியையும் ஊர்பேர் தெரியாத தளத்தில் கொடுக்கவும் எனக்கு மனம் வராது.

அடுத்து, கட்டண விவரப் பக்கத்தைப் படியுங்கள். எத்தனை மாணவர், எத்தனை நாள் என்ற எல்லைகள் அங்கேதான் இருக்கும். இலவசம் என்று சொல்லிவிட்டு கார்டு எண் கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

கடைசியாக, இணையத்தைத் துண்டித்துவிட்டுச் சோதியுங்கள். ஃபெட்டின் புதிய வகைக் கருவிகள் ஒவ்வொன்றையும் ஒரே எச்டிஎம்எல் கோப்பாக, அதாவது பிரவுசரில் திறக்கும் கோப்பாக, டவுன்லோடு செய்யலாம். பென் டிரைவில் போட்டு எடுத்துப் போனால் இணையமே தேவையில்லை. கணினியில் கோப்பை இருமுறை கிளிக் செய்தால் பிரவுசரில் திறந்துவிடும். ஆண்ட்ராய்டு போனில்தான் சிக்கல். கோப்பைத் தட்டினால் சில போன்களில் எச்டிஎம்எல் வியூவர் என்ற சின்ன ஆப் முந்திக்கொண்டு திறக்கும். அதில் கருவி ஓடாது, வெறும் வெள்ளைத் திரைதான். கோப்பே கெட்டுவிட்டது என்று நினைத்து நான் ஐந்து முறை மறுபடி மறுபடி டவுன்லோடு செய்தேன். கோப்பை அழுத்திப் பிடித்து, ‘ஓப்பன் வித்’ போய், குரோமைத் தேர்ந்தெடுங்கள். சரியாகிவிடும்.

படி 4: உரிமத்தைப் பாருங்கள்

இணையத்தில் கிடைப்பதால் மட்டும் ஒரு படத்தை எடுத்துப் பகிர்ந்துவிட முடியாது. கூகுள் படத் தேடலில் ‘டூல்ஸ்’ கீழே ‘யூசேஜ் ரைட்ஸ்’ இருக்கிறது. அதில், சில நிபந்தனைகளோடு எவரும் பயன்படுத்த உருவாக்கியவரே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் தேர்ந்தெடுங்கள். உரிமத்தில் ‘பிஒய்’ என்றிருந்தால் உருவாக்கியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். ‘என்சி’ என்றால் வணிகத்துக்குக் கூடாது. ‘எஸ்ஏ’ என்றால் நீங்கள் மாற்றியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். நமக்கு முக்கியமானது ‘என்டி’. மாற்றி வெளியிடக் கூடாது என்று பொருள். படத்திலுள்ள ஆங்கிலப் பெயர்களைத் தமிழாக்கிப் பகிர்வதும் மாற்றம்தான். விக்கிமீடியா காமன்ஸ் ‘என்டி’ உரிமப் படங்களை ஏற்பதில்லை, அதனால் அங்கே இந்தக் கவலை கிடையாது. அங்கே எஸ்விஜி வகைப் படமாக எடுத்தால், இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் திறந்து ‘ஹார்ட்’ என்பதை ‘இதயம்’ என்று மாற்றிவிடலாம்.

படி 5: புரிந்ததா என்று கேட்க

எனக்குப் பிடித்தது பிளிக்கர்ஸ் என்ற வினாக் கருவி. ஆசிரியரிடம் ஒரு போன் இருந்தால் போதும். மாணவர்களுக்கு அச்சிட்ட அட்டைகள். தங்கள் விடைக்கேற்ப அட்டையைத் திருப்பிப் பிடிப்பார்கள், நீங்கள் கேமராவை ஒரு சுற்று காட்டினால் யார் என்ன சொன்னார் என்று தெரிந்துவிடும். பக்கத்தில் இருப்பவருக்கு விடை எளிதில் தெரியாது என்பதால் கூச்சப்படும் பிள்ளையும் தயங்காமல் அட்டையைத் தூக்கும். வேகத்துக்கு மதிப்பெண் தரும் வினாடி வினாக் கருவிகளை நான் பயன்படுத்துவதில்லை. நிதானமாக யோசிக்கும் பிள்ளை அதில் எப்போதும் பின்னாலேயே நிற்கும்.

பிற்சேர்க்கை: படித்த சிலர், ஐபேடில் ஃபெட்டின் எச்டிஎம்எல் கோப்பு திறக்கிறது, ஆனால் அசையவில்லை என்று எழுதியிருந்தார்கள். அங்கே முன்னோட்டம்தான் தெரியும். சஃபாரியில் தளத்துக்கே போய்ப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று: இங்க்ஸ்கேப்பில் மாற்றிய தமிழ் எழுத்துகள் வேறு கணினியில் சிதைந்து தெரிகின்றன என்று ஓர் ஆசிரியை கேட்டார். அந்தக் கணினியில் அதே எழுத்துரு இல்லாததுதான் காரணம். எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து ‘பாத்’ பட்டியலில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்தால் அவை கோடுகளாக மாறி, எங்கும் ஒரே மாதிரித் தெரியும். அதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோடாக மாறியபின் எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது.