லண்டன்–நியூயார்க்: விமான தூரமும் நேரமும் நாமே கணக்குப் போடலாம்

லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்குப் போக ஏறத்தாழ 8 மணி நேரம் ஆகும். திரும்பி வர 7 மணி நேரம்தான். தூரம் என்னவோ ஒன்றுதான், நேரம் மட்டும் ஏன் இரண்டு? கால்குலேட்டரை எடுங்கள், போட்டுப் பார்த்துவிடலாம்.

படி 1: இடத்தைக் குறியுங்கள்

ஹீத்ரோ வடக்கு 51.47, மேற்கு 0.45 டிகிரி. கென்னடி வடக்கு 40.64, மேற்கு 73.78. வேறு ஊர் என்றால், கூகுள் மேப்பில் ஓடுபாதை மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள், எண்கள் வந்துவிடும்.

படி 2: தூரம்

தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள், ஏமாந்துபோவீர்கள். வீட்டில் உலக உருண்டை இருந்தால் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடியுங்கள். நியூயார்க் தெற்கே இருந்தும் நூல் வடமேற்காகக் கிளம்பும். அயர்லாந்தைத் தாண்டி, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவுப் பக்கம் போய்த்தான் கீழே இறங்கும். இதுதான் பெருவட்டப் பாதை, உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி.

இனி கணக்கு. இரண்டு அட்சரேகைகளின் (வடக்கு என்று குறித்த எண்கள்) சைன்களை, அதாவது கால்குலேட்டரில் sin, பெருக்குங்கள்: 0.7823 × 0.6513 = 0.5095. அப்புறம் அவற்றின் கொசைன்களோடு (cos), தீர்க்கரேகை (மேற்கு என்று குறித்த எண்கள்) வித்தியாசமான 73.33 டிகிரியின் கொசைனையும் பெருக்குங்கள்: 0.6229 × 0.7588 × 0.2869 = 0.1356. இரண்டையும் கூட்டினால் 0.6451. இதற்குத் தலைகீழ் கொசைன் (கால்குலேட்டரில் cos⁻¹) 49.83 டிகிரி; இரண்டு ஊருக்கும் இடையிலான கோணம் இதுதான். பூமியின் மேல் ஒரு டிகிரி சுமார் 111.2 கி.மீ. பெருக்கினால் சுமார் 5,540 கி.மீ. சம்பந்தமே இல்லாத விடை வந்தால் கால்குலேட்டர் ரேடியனில் (கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு) இருக்கிறது என்று அர்த்தம், டிகிரிக்கு மாற்றுங்கள்.

படி 3: பறக்கும் நேரம்

மணிக்கு 900 கி.மீ. என்று வைத்தால் 6 மணி 10 நிமிடம். ஆனால் 10 கி.மீ. உயரத்தில் ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. அதன் வேகம் 100 கி.மீ. என்று கொள்வோம். நியூயார்க் போகும்போது எதிர்க்காற்று, வேகம் 800 ஆகிவிடும்: 6 மணி 55 நிமிடம். வரும்போது காற்றே தள்ளிவிடும், வேகம் 1,000: 5 மணி 32 நிமிடம். 2020 பிப்ரவரியில் புயற்காற்று தள்ளியதில் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 5 மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தது!

இத்துடன் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, ஏறி இறங்குவது எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம் சேருங்கள். தாமதத்துக்கென்று கொஞ்சம் கையிருப்பும் வைத்துத்தான் அட்டவணை போடுவார்கள்.

படி 4: கடிகாரம்

நியூயார்க் 5 மணி நேரம் பின்தங்கியது. லண்டனில் காலை 11 மணிக்கு ஏறினால் 8 மணி நேரம் கழித்து அங்கே பிற்பகல் 2 மணிதான். இரவு 7 மணிக்குத் திரும்பக் கிளம்பினாலோ லண்டனில் காலை 7. ஒரு ராத்திரித் தூக்கம் போச்சு. மார்ச்சில் அமெரிக்கா கடிகாரத்தை முன்னதாகவே மாற்றிவிடுவதால், பிரிட்டன் மாற்றும் வரை சில வாரங்களுக்கு வித்தியாசம் 4 மணி நேரம்தான். அக்டோபர் கடைசியிலும் ஒரு வாரம் அப்படியே. அந்த நாட்களில் பயணம் என்றால் 5 என்று போட்டுவிடாதீர்கள்.