காலையில் ஒரு கார்டு, படத்துக்கு முன்னால் எண்

ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணத் தெரிந்தால் டாரட் என்கிற குறிச் சீட்டைப் பழகிவிடலாம். 78 கார்டுக்கும் 78 அர்த்தம் மனப்பாடம் பண்ண உட்கார்ந்தால் நாலாம் நாளே சீட்டுக் கட்டு பீரோவுக்குள் போய்விடும். பாளையங்கோட்டையில் நான் தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ் அளவு கொடுக்க வருகிற பெண்கள் மேசையில் கிடக்கும் கார்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, எனக்கும் இதைச் சொல்லிக் குடுங்களேன்" என்பார்கள். அவர்களுக்குச் சொல்கிற வழிதான் இது. தனக்குத் தானே பார்த்துக்கொள்ள மட்டும். அடுத்தவருக்குப் பார்த்துச் சொல்வது வேறு தொழில், அதற்கு நான் ஆளில்லை.

முதலில் கட்டு. ரைடர் வெயிட் என்று கேட்டு வாங்குங்கள். 1909இல் லண்டனில் வந்தது. வெயிட் என்பவர் திட்டம் போட, பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் வரைந்தார். இதையே ஏன் சொல்கிறேன் என்றால், அதற்கு முந்தைய கட்டுகளில் பெரும்பாலும் சின்ன கார்டுகளில் ஆள் இருக்காது. ஏழு கோப்பை என்றால் ஏழு கோப்பை வரைந்திருக்கும், அவ்வளவுதான். இந்த அம்மாள் ஒவ்வொன்றிலும் ஒரு காட்சி வைத்துவிட்டார். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. தங்க முலாம், மின்னுகிற ஓரம் எல்லாம் வேண்டாம், நம் ஊர் வேர்வைக்கு ஒட்டிக்கொள்ளும். வாங்கியதும் 78 இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

என் மாமியார் முதல்முறை பார்த்தபோது, "ஏட்டி, காலங்காத்தால விளக்கு முன்னால சீட்டு விளையாடுதியே" என்றார். அத்தை சொன்னதிலும் தப்பில்லை. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் இது விளையாட்டுச் சீட்டாகத்தான் தொடங்கியது. குறி பார்க்கிற பழக்கம் 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில்தான் பரவியது. எகிப்து, தேவரகசியம் என்று யாராவது ஆரம்பித்தால் கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டாம்.

கட்டை இரண்டாகப் பிரியுங்கள். 22 பெரிய கார்டு, 0 முதல் 21 வரை எண் போட்டிருக்கும். மீதி 56 சின்ன கார்டு, நான்கு வகை: வாண்ட்ஸ் என்கிற கோல், கப்ஸ் என்கிற கோப்பை, ஸ்வார்ட்ஸ் என்கிற வாள், பென்டகிள்ஸ் என்கிற காசு. நெருப்பு, நீர், காற்று, நிலம் என்று வைத்துக்கொள்ளலாம். கோல் என்றால் வேலையில் உள்ள வேகம், கோப்பை மனசு, வாள் பேச்சும் யோசனையும், காசு உடம்பும் பணமும். ஒவ்வொரு வகையிலும் 14. பத்து எண் கார்டு, அப்புறம் பேஜ், நைட், குயின், கிங் என்று நான்கு ஆட்கள். ஆட்கள் வந்தால் எண்ணைத் தேடாதீர்கள். இன்று நான் எந்த மாதிரி ஆளாக நடந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் பாருங்கள்.

இனி எண். எந்த வேலையும் ஒன்றில் தொடங்கிப் பத்தில் முடிகிறது. எனக்கு அது ஒரு பிளவுஸ் மாதிரி. ஒன்று, துணி மேசைக்கு வருகிறது. இரண்டு, லைனிங் கொடுக்கவா வேண்டாமா என்ற யோசனை. மூன்று, கத்தரி விழுந்து ஒரு துணி பல துண்டாகிறது. நான்கு, அளவு பிளவுஸை மேலே விரித்து எல்லாம் பொருந்துகிறதா என்று உறுதி செய்கிற நேரம். ஐந்து, ஊசி உடையும், இல்லையென்றால் அக்குள் பிடிக்கும். ஆறு, பிரித்துத் தைத்துச் சரிப்படுத்துவது, பக்கத்துக் கடையில் பாபின் கடன் வாங்குவதும் இதில் சேரும். ஏழு, கையை எடுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பது. எட்டு, கை தானாக ஓடும் நேரம். ஒன்பது, கொக்கியும் ஹெம்மிங்கும் மட்டும் பாக்கி. பத்து, மடித்துக் கொடுத்தாயிற்று, அடுத்த துணி வந்து விழுந்தாயிற்று. உங்களுக்குத் தையல் தெரியாதென்றால் சமையலை வைத்துக்கொள்ளுங்கள், வயலை வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் படியும் உங்கள் கை தொட்ட வேலையிலிருந்து வர வேண்டும், அவ்வளவுதான்.

இது பிடிபட ஒரு பயிற்சி உண்டு. நான்கு ஐந்துகளையும் எடுத்து வரிசையாக வையுங்கள். கோல் ஐந்தில் ஐந்து பையன்கள் ஆளுக்கொரு கம்போடு மல்லுக்கு நிற்கிறார்கள். கோப்பை ஐந்தில் கறுப்புப் போர்வை போட்ட ஒருவர் கவிழ்ந்த மூன்று கோப்பையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்னால் இரண்டு நிமிர்ந்து நிற்பது கண்ணில் படவில்லை. வாள் ஐந்தில் ஜெயித்தவன் வாளைப் பொறுக்குகிறான், தோற்றவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறார்கள். காசு ஐந்தில் பனியில் இரண்டு ஏழைகள், தலைக்கு மேலே வெளிச்சமான கோயில் ஜன்னல். நாலு படமும் நாலு கதை. ஆனால் நான்கில் அசையாமல் நின்ற ஒன்று ஐந்தில் கலைந்திருப்பது இந்த நாலு படத்திலும் தெரியும். இப்படி ஒரு நாளைக்கு ஒரு எண்ணை வைத்துப் பார்த்தால் பத்தே நாளில் 40 கார்டு கைக்குள் வந்துவிடும்.

இதோடு நம் ஊர்க் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து என்றதும் எனக்குப் பஞ்ச சபைதான் நினைவுக்கு வரும். சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருவாலங்காடு ரத்தினம், குற்றாலம் சித்திரம், நம் நெல்லையப்பர் கோயிலில் தாமிர சபை. ஐந்து இடத்திலும் சாமி ஆடுகிறார். அதனால் ஐந்து வந்தால் கஷ்டம் என்று மட்டும் எழுதாமல், ஆட்டம் என்றும் எழுதுவேன். ஒன்பதுக்குத் தாமிரபரணிக் கரை முழுக்க உதாரணம் உண்டு. உரோமச முனிவர் ஆற்றில் மிதக்கவிட்ட ஒன்பது தாமரைகள் ஒதுங்கிய இடங்கள்தான் பாபநாசம் தொடங்கி சேர்ந்தபூமங்கலம் வரை உள்ள நவகைலாயம் என்பார்கள். பெருமாளுக்கு நவதிருப்பதி தனி. புரட்டாசி சனிக்கிழமை ஸ்பெஷல் பஸ்ஸில் ஒன்பதும் சுற்றியவர்களுக்கு எட்டாவது கோயிலில் கால் எப்படி இருக்கும், ஒன்பதாவதில் மனசு எப்படி இருக்கும் என்று தெரியும். டாரட்டில் ஒன்பதாம் பெரிய கார்டு ஹெர்மிட், கையில் லாந்தரோடு தனியாக நிற்கிற கிழவர். அந்த பஸ் பயணத்தோடு அவரைச் சேர்த்துவிட்டால் பிறகு மறக்கவே மறக்காது.

ஆனால் கிரக எண் கணிதத்தை மட்டும் இதில் கலக்காதீர்கள். அங்கே நான்கு ராகு, எட்டு சனி. கூட்டினால் எட்டு வருகிறது என்று வண்டி நம்பரை மாற்றக் காத்திருப்பவர்கள் நம் பக்கம் எத்தனையோ பேர். டாரட்டில் நான்கு உட்கார்ந்த இடம், எட்டு உழைப்பு. வெயிட் கட்டில் எட்டாம் பெரிய கார்டு ஸ்ட்ரெங்த். ஒரு பெண் சிங்கத்தின் வாயை முரட்டுத்தனம் இல்லாமல் மூடுகிறாள். காசு எட்டில் ஒருவன் பட்டறையில் உட்கார்ந்து ஒவ்வொரு காசாகச் செதுக்கிக்கொண்டிருக்கிறான். அந்தப் படம் வந்த நாளில் சனிக்குப் பயந்தால் பார்த்த படம் வீண். இரண்டு முறையில் எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பழைய பிரெஞ்சுக் கட்டில் எட்டு ஜஸ்டிஸ், பதினொன்று ஸ்ட்ரெங்த். வெயிட் தன் கட்டில் இரண்டையும் இடம் மாற்றி வைத்தார். வீடியோவில் ஒருவர் ஒரு மாதிரியும் இன்னொருவர் வேறு மாதிரியும் சொல்வது இதனால்தான்.

சரி, காலையில் என்ன செய்வது? கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். கட்டைக் கலையுங்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இன்று நான் எதைக் கவனிக்க வேண்டும்? பணம் வருமா, மாப்பிள்ளை அமையுமா, ஸ்கேனில் என்ன வரும் என்று கேட்காதீர்கள். ஸ்கேனுக்கு டாக்டர் இருக்கிறார். இடது கையால் மேலிருந்து ஒன்றை எடுங்கள் (வலது கை என்றாலும் குடி முழுகாது). தலைகீழாக வந்தால் நேராகத் திருப்பி வைத்துவிடுங்கள். தலைகீழ் அர்த்தமெல்லாம் ஒரு வருஷம் போகட்டும். பிடிக்காத கார்டு வந்தால் இன்னொன்று எடுக்கிற வேலை மட்டும் கூடவே கூடாது.

முதலில் எண்ணைச் சொல்லுங்கள், வாய்விட்டு. அப்புறம் வகை. அப்புறம்தான் படம். கூட வருகிற சின்னப் புத்தகத்தைச் சாயங்காலம் வரை திறக்காதீர்கள். பெரிய கார்டில் இரண்டு இலக்கம் வந்தால் கூட்டுங்கள். 14 டெம்பரன்ஸ், ஒரு தேவதை இரண்டு கோப்பைக்கு இடையில் தண்ணீரை மாற்றி ஊற்றுகிறாள். ஒன்றும் நான்கும் ஐந்து. கலைந்ததைக் கலந்துதான் சரி செய்ய வேண்டும் என்று எனக்குப் படும், உங்களுக்கு வேறு படலாம். 13 டெத். கவசம் போட்ட எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வருவதைப் பார்த்து என் மாமியார், "எமன் எருமையிலல்லா வருவான், இவன் என்ன குதிரையில வாரான்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்த கார்டைப் பார்த்து வீட்டில் யாரும் பயப்படுவதில்லை. ஒன்றும் மூன்றும் நான்கு. பழையது போய் வேறொன்று ஊன்றி உட்காருகிறது, அவ்வளவுதான்.

நோட்டில் ஒரே வரி: தேதி, கார்டு, எண், தோன்றியது. தீபாவளிக்கு முந்தைய ஒரு நெருக்கடியான காலையில் நான் எழுதியது இப்படி இருக்கிறது: "கோப்பை நாலு. மரத்தடியில் கைகட்டிக்கொண்டு ஒருத்தன். முன்னால் மூணு கோப்பை, மேகத்திலிருந்து ஒரு கை நாலாவதை நீட்டுது. அவன் பாக்கலை. உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திரி." சாயங்காலம் அதன் கீழே: "ஒன்னும் விசேஷம் இல்லை. ஜாக்கெட் துணி ஒன்னு அளவு பத்தலை." விசேஷம் இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். நடந்ததைக் கார்டுக்கு ஏற்ப இழுத்து எழுத ஆரம்பித்தால் நோட்டு கெட்டுப்போகும்.

வருஷத்துக்கும் ஒரு கார்டு உண்டு. பிறந்த தேதி, மாதம், நடப்பு வருஷம் மூன்றையும் கூட்டுங்கள். ஆகஸ்ட் 23இல் பிறந்தவருக்கு 2026இல் 23, 8, 2026 கூட்டினால் 2057. அதன் இலக்கங்களைக் கூட்டினால் 14, டெம்பரன்ஸ். 22க்கு மேல் போனால் இன்னொரு தடவை கூட்டுங்கள். 22 என்றே வந்தால் அது ஃபூல், பூஜ்யம். அந்த கார்டை மெஷின் பக்கம் செருகி வைத்துக்கொள்ளலாம் என்பார்கள், ஆனால் கட்டில் ஒன்று குறையும். ஜெராக்ஸ் போட்டு ஒட்டுங்கள்.

கிளி ஜோசியக்காரரும் கார்டுதானே எடுக்கிறார் என்று கேட்பார்கள். அங்கே கிளி எடுக்கிறது, அவர் சொல்கிறார். இங்கே எடுப்பதும் சொல்வதும் கேட்பதும் நீங்கள்தான். (1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி அந்தக் கிளியைக் கூண்டில் வைப்பதும் குற்றம்.) கார்டைப் பார்த்து தோஷம் என்று சொல்லிப் பரிகாரத்துக்குப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

மாதக் கடைசியில் நோட்டைப் பிரித்து எந்த எண் எத்தனை தடவை வந்தது என்று கோடு போட்டு எண்ணுங்கள். ஒரே கார்டு திரும்ப வந்தால் உடம்பு சிலிர்க்க வேண்டாம். 78 கார்டில் தினமும் ஒன்று எடுத்தால், 11 நாளுக்குள் ஏதாவது ஒன்று மறுபடி வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஒரு மாதத்தில் வராமல் இருந்தால்தான் அதிசயம். பெரிய கார்டும் நாலு நாளுக்கு ஒன்று சும்மாவே வரும், 78இல் 22 அதுதானே. எந்த எண் வந்தபோது நீங்கள் நிறைய எழுதினீர்கள், எதற்கு இரண்டு வார்த்தையோடு நிறுத்தினீர்கள் என்று பாருங்கள். எனக்கு ஏழுக்கு எப்போதும் இரண்டு வார்த்தைதான். வேலையை நிறுத்திவிட்டுத் தள்ளி நிற்பது எனக்கு வராத பழக்கம். நேற்று எடுத்த கார்டே இன்றும் நாளையும் வந்துகொண்டிருந்தால் கலைப்பது போதவில்லை என்று அர்த்தம். மேசையை நன்றாகத் துடைத்து, எல்லாவற்றையும் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு கையாலும் துழாவிக் கலைத்து மறுபடி அடுக்குங்கள்.