கிரெச் வகுப்பில் டீச்சரும் உதவி ஆன்டியும்: யாருக்கு எந்த வேலை, என்ன தகுதி

ஜனவரி நடுவில் பள்ளி திறக்கும் முதல் வாரம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெர்பேங்க், டோங்காட் என்று எந்தக் கிரெச் (சிறுபிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம்) வாசலுக்குப் போனாலும் அழுகிற பிள்ளை, பையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அம்மா, வேலைக்கு நேரமாகிவிட்ட அப்பா. டீச்சர் வாசலில் நின்று அம்மாவுக்குத் தைரியம் சொல்கிற அந்தப் பத்து நிமிடத்தில், உள்ளே இருக்கும் பதினைந்து பிள்ளைகள் யார் கண்ணில் இருக்கிறார்கள்? கேட்டவுடன் பதில் வராத வகுப்பில்தான் விரல் கதவில் நசுங்குகிறது, பிள்ளை கேட்டைத் தாண்டிப் போகிறது.

டீச்சர் பாடம் நடத்துகிறவர், ஆன்டி துடைத்துப் பெருக்குகிறவர் என்று பிரித்து வைத்திருக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. அது தவறான பங்கீடு. இரண்டு பேருக்கும் முதல் வேலை பிள்ளைகள்மேல் கண் வைப்பதுதான். ஒருவர் குனிந்தால் மற்றவர் நிமிர்ந்திருக்க வேண்டும். நாப்பி (டயப்பர்) மாற்றுவது, ஷூ கட்டுவது, அழுகிறவனைத் தூக்குவது, பெற்றோரிடம் பேசுவது எல்லாமே குனிகிற வேலைகள். யார் எப்போது குனிவது என்பதை முந்தின நாளே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அன்றைக்கன்று வாயால் சொல்லிக்கொள்ளும் ஏற்பாடு, ஒருவர் லீவு போட்ட நாளில் உடைந்துவிடும்.

சட்டம் சொல்லும் எண்ணிக்கை

தென்னாப்பிரிக்காவில் இதற்கு அடிப்படை 2005-ஆம் ஆண்டின் 38-ஆம் எண் சிறுவர் சட்டம். ஆறு பிள்ளைகளுக்கு மேல் வைத்துப் பார்க்கும் இடம் வீட்டுக் கராஜாக இருந்தாலும் பதிவு செய்தாக வேண்டும். இந்தப் பொறுப்பு 2022 ஏப்ரல் 1 முதல் சமூக மேம்பாட்டுத் துறையிலிருந்து அடிப்படைக் கல்வித் துறைக்கு வந்துவிட்டது.

ஒரு டீச்சருக்கு இத்தனை பிள்ளைகள்தான் என்று வரம்பு உண்டு. 18 மாதத்துக்கு உட்பட்டவர்கள் 6 பேர், 18 மாதம் முதல் 3 வயது வரை 12 பேர், 3 முதல் 4 வயதுவரை 20 பேர், 5, 6 வயதில் 30 பேர். இந்த ஒவ்வொரு கூட்டத்துக்கும் டீச்சரோடு ஓர் உதவியாளரும் இருக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். உதவியாளரை இன்னொரு டீச்சராகக் கணக்கு வைத்து, இருபது பேருக்குப் பதில் நாற்பது பேரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். சமையல்காரரையும் கேட் காவலரையும் கணக்கில் சேர்ப்பதும் அதே தவறு. இடத்துக்கும் அளவு உண்டு: உள்ளே ஒரு பிள்ளைக்கு 1.5 சதுர மீட்டர், வெளியே 2 சதுர மீட்டர். அலமாரியும் கட்டிலும் அடைத்த இடம் விளையாடும் இடமாகாது. அதைக் கழித்துவிட்டு அளக்க வேண்டும்.

படிப்பும் சான்றிதழும்

நான்கு வயதுவரையான வகுப்பை நடத்துகிறவருக்கு என்.கியூ.எஃப் எனப்படும் தேசியத் தகுதிச் சட்டகத்தின் நான்காம் நிலைச் சான்றிதழ்தான் பொதுவாகக் கேட்கப்படுகிறது. அதற்கு மேல் ஐந்தாம் நிலையில் உயர் சான்றிதழ், ஆறாம் நிலையில் கிரேட் ஆர் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆண்டு) டிப்ளமா, ஏழாம் நிலையில் ஃபவுண்டேஷன் ஃபேஸ் (கிரேட் ஆர் முதல் மூன்றாம் வகுப்புவரை) பி.எட். இந்தப் பி.எட்டை யூனிசா பல்கலைக்கழகம் மூலம் தபால்வழியாகவும் படிக்கலாம். வேலையை விடாமல் படிக்கிறவர்களுக்கு அது வசதி. பள்ளியில் கிரேட் ஆர் எடுக்கிறவர் சேஸ் எனப்படும் ஆசிரியர் மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 2024-இல் நிறைவேறிய பெலா எனப்படும் அடிப்படைக் கல்விச் சட்டத் திருத்தம் கிரேட் ஆரைக் கட்டாயமாக்கிய பிறகு, தகுதியுள்ள கிரேட் ஆர் ஆசிரியர்களின் தேவை கூடியிருக்கிறது.

சான்றிதழுக்குப் பணம் கட்டுமுன் ஒன்றைப் பாருங்கள். பழைய நான்காம் நிலைச் சான்றிதழில் புதிதாகச் சேரக் கடைசி நாள் 2024 ஜூன் 30. இப்போது சேர வேண்டியது கியூசிடிஓவின் (தொழிற்கல்வித் தரத்தைப் பார்க்கும் அரசு அமைப்பு) தொழில்சார் சான்றிதழில். எந்தக் கல்லூரியாவது பழையதில் இன்று சேர்த்துக்கொள்வதாகச் சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள். கல்லூரியின் அங்கீகாரக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள எண்ணை நேரடியாக கியூசிடிஓவிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

உதவி ஆன்டிக்கு மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி) இருந்தால் நல்லது. அதைவிட முக்கியம் முதலுதவி முதல் நிலைப் பயிற்சி. டீச்சர் வெளியே போன நேரத்தில் ஒரு பிள்ளைக்குத் தொண்டை அடைத்தால் பக்கத்தில் இருக்கப்போவது ஆன்டிதான். அதோடு, பிள்ளைகளுக்குப் பக்கத்தில் வேலை செய்கிற எல்லோரும் சிறுவர் பாதுகாப்புப் பதிவேட்டின் பி பகுதியில் (பிள்ளைகளோடு வேலை செய்யத் தகாதவர்களின் பட்டியல்) தங்கள் பெயர் இல்லை என்று காட்ட வேண்டும். வேலை கொடுக்கிறவர் விசாரிப்பது 29-ஆம் படிவத்தில். தன் பெயரைத் தானே விசாரிக்கிறவருக்கு 30-ஆம் படிவம். நீதித்துறை வைத்திருக்கும் பாலியல் குற்றவாளிகள் பதிவேடு இதிலிருந்து வேறு. அதையும் தனியாகப் பார்க்க வேண்டும். வேன் டிரைவரையும் தோட்டக்காரரையும் விட்டுவிடாதீர்கள். பதில் வர நாளாகும். ஆளைச் சேர்த்துவிட்டுப் படிவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இதில் இடமே இல்லை.

காலை முதல்

வாசலில் நிற்பது டீச்சர், உள்ளே நிற்பது ஆன்டி. டீச்சர் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறார், நெற்றியைத் தொடுகிறார், இரவு தூங்கினானா என்று அம்மாவைக் கேட்கிறார். காயம் ஏதும் இருந்தால் அம்மாவின் முன்னாலேயே எழுதி கையெழுத்து வாங்குகிறார். காய்ச்சல் 38 டிகிரிக்கு மேல் இருந்தால் பிள்ளை வீட்டுக்கே திரும்ப வேண்டும். ரோடு டு ஹெல்த் எனப்படும் தடுப்பூசிப் புத்தகத்தின் நகலைச் சேர்க்கும்போதே வாங்கி வையுங்கள். தட்டம்மை ஊசி போட்டாயிற்றா என்று அம்மை பரவும் நாளில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

வகுப்பை விட்டு யார் நகர்ந்தாலும் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு நகர வேண்டும். "டீச்சர், ரெண்டு பேரை டாய்லெட்டுக்குக் கூட்டிப் போறேன்." "சரி ஆன்டி, பதினாலு பேர் என்கிட்ட." திரும்பியதும் மறுபடி எண்ண வேண்டும். சத்தமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மனதுக்குள் எண்ணும்போது இரண்டு பேருமே மற்றவரிடம் அந்தப் பிள்ளை இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

நாப்பி

இதைச் சின்ன வேலையாக நினைத்துவிடாதீர்கள். கிரெச்சில் வயிற்றுப்போக்கு பரவுவது பெரும்பாலும் நாப்பி மாற்றும் மேஜையிலிருந்துதான்.

பிள்ளையைப் படுக்கவைக்குமுன் புது நாப்பி, ஈரத்துணி, கிரீம், கட்டிப்போடப் பிளாஸ்டிக் பை, மாற்றுத் துணி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒன்று மறந்துபோனால் எடுக்கப் போகக் கூடாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஒரு கை எப்போதும் பிள்ளையின் வயிற்றின்மேல் இருக்கட்டும். துடைப்பது முன்னாலிருந்து பின்னால். பெண்பிள்ளைக்கு இது மிக அவசியம், இல்லையென்றால் சிறுநீர்த் தொற்று வரும். அழுக்கு நாப்பியைச் சுருட்டிப் பையில் போட்டுக் கட்டியபிறகே புதியதைத் தொட வேண்டும். முடிந்ததும் பிள்ளையின் கையை முதலில், பிறகு உங்கள் கையை, சோப்புப் போட்டு 20 நொடி கழுவுங்கள். கையுறை போட்டிருந்தாலும் கழுவ வேண்டும். அழுக்குக் கையால் குழாயைத் திறந்து சுத்தக் கையால் அதையே மூடினால், கழுவியதெல்லாம் வீண். பேப்பரால் பிடித்து மூடுங்கள்.

மெத்தையை முதலில் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். அழுக்கின்மேல் ஊற்றிய ஜிக், அதாவது பிளீச், வேலை செய்யாது. பிறகு 3.5 சதவீத ஜிக்கை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 6 தேக்கரண்டி, அதாவது 30 மில்லி, கலந்து துடைத்துக் காய விடுங்கள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். நேற்றையது வீரியம் குறைந்திருக்கும். வேறு எந்தக் கிளீனரோடும் கலக்கக் கூடாது, நச்சுப்புகை கிளம்பும். ஜிக்கையோ பாரஃபினையோ (மண்ணெண்ணெய்) கூல்டிரிங்க் பாட்டிலில் ஊற்றி வைப்பது நம் வீடுகளில் சாதாரணம். கிரெச்சில் அதற்கு அனுமதியே கூடாது.

சாப்பாடு

பரிமாறும்போது ஆன்டி தட்டை நிரப்பட்டும், டீச்சர் பிள்ளைகளோடு உட்காரட்டும். எல்லோரும் உட்காராமல் யாரும் வாயில் வைக்கக் கூடாது. திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள். வியன்னா சாசேஜையும் நீளவாக்கில்தான் வெட்ட வேண்டும். வட்டமாக வெட்டினால் மூச்சுக்குழாயைச் சரியாக மூடும் அளவுக்கு வந்துவிடும். பாப்கார்ன், முழு நிலக்கடலை, கடின மிட்டாய் வேண்டவே வேண்டாம். அடைத்துக்கொண்டு இருமவும் முடியாமல் போனால் முதுகில் 5 தட்டு. அதற்கும் வராவிட்டால், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மார்பில் 5 அழுத்தம், அதற்கு மேற்பட்டவர்களுக்கு வயிற்றில் 5. வெளியே வரும்வரை இதை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். மற்றவர் 10177-க்கு, கைப்பேசியிலிருந்து 112-க்கு, அழைக்கட்டும்.

புரட்டாசியில் நம் வீடுகள் பல சைவமாகிவிடும். அந்த மாதத்தில் பக்கத்துப் பிள்ளையின் பெட்டியிலிருந்து கோழி வியன்னா கைமாறினால் வீட்டில் பெரிய மனவருத்தம். யார் எதைச் சாப்பிடுவதில்லை, யாருக்கு எது ஒவ்வாது, யாருக்கு ஹலால் என்று ஒரே தாளில் எழுதிப் பரிமாறும் இடத்தில் ஒட்டுங்கள். பதிலுக்கு வரும் ஆளும் பார்க்கட்டும். கரண்ட் போய் நாலு மணிநேரமாகிவிட்டதா? ஃபிரிட்ஜில் இருந்த பால் பாட்டிலைக் கொட்டிவிடுங்கள்.

வயிற்றுப்போக்கு தொடங்கினால் அம்மா வரும்வரை உப்பு சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம்: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 8 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, கண்மட்டத்தில் போடாமல் அளந்து போடுங்கள். மருந்து கொடுப்பது டீச்சர் மட்டும், அதுவும் பெற்றோர் எழுதிக் கொடுத்தால்தான். அளவை ஆன்டி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

தூக்க நேரம்

ஒரு வயதுக்குட்பட்டவர்களை மல்லாக்கப் படுக்கவையுங்கள், தலையணை வேண்டாம். கோவிலில் கட்டிய கழுத்துக் கயிறும் சங்கிலியும் தூக்கத்தில் இறுக்கக்கூடியவை. கழற்றச் சம்மதமா என்று சேர்க்கும்போதே பெற்றோரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீங்களாகக் கத்தரிக்கோல் எடுத்துவிடாதீர்கள்; அது பூசை செய்து கட்டியது. கையில் கட்டச் சொன்னால் பெரும்பாலான பாட்டிமார் ஒப்புக்கொள்வார்கள். பிள்ளைகள் தூங்கும்போது ஒருவர் அறைக்குள்ளேயே இருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சைப் பார்க்க வேண்டும். இந்த நேரத்தில் ஆன்டியைத் தரை துடைக்க அனுப்பிவிட்டு டீச்சரும் அலுவலகத்துக்குப் போய்விடுகிற வழக்கத்தை நிறுத்துங்கள்.

கற்பித்தல், குறிப்பு, மொழி

பிறப்பு முதல் நான்கு வயதுவரை தேசியப் பாடத்திட்டச் சட்டகம் ஆறு பகுதிகளைச் சொல்கிறது: நலவாழ்வு, அடையாளமும் சேர்ந்திருத்தலும், பேச்சுத் தொடர்பு, கணிதத் தேடல், படைப்பாற்றல், உலகை அறிதல். திட்டம் போடுவது டீச்சர். ஆனால் கவனித்துக் குறிப்பெழுத இருவரும் பழக வேண்டும். "பிடிவாதக்காரன்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "10.20-க்குச் சிவப்புக் கட்டையைக் கேட்டான். கிடைக்காததும் தரையில் படுத்து அழுதான். ஆன்டி பக்கத்தில் உட்கார்ந்ததும் இரண்டு நிமிடத்தில் நின்றது" என்று எழுதினால் நாளைக்கு என்ன செய்வதென்று அதிலேயே தெரியும்.

நம் பிள்ளைகள் பலர் ஆங்கிலம் பேசித்தான் வருகிறார்கள்; தமிழ் தாத்தா பாட்டியின் வாயில் மிச்சமிருக்கிறது. வாரம் ஒரு தமிழ் வகுப்பு வைப்பதால் அது ஒட்டாது. தினமும் நடக்கும் ஒரே வேலையில் ஒட்டவையுங்கள். கை கழுவும்போது தண்ணீர், வாட்டர், ஜூலுவில் அமன்ஸி. படி ஏறும்போது ஒன்று, இரண்டு, மூன்று. ஜூலு பேசும் ஆன்டி தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் பேச வேண்டாம். முழு ஜூலு வாக்கியத்தில் பேசட்டும். பிள்ளைக்கு வேண்டியது நிறைவான பேச்சு.

அடி, சந்தேகம், புகார்

பள்ளியில் அடிப்பதை 1996-ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டம் தடை செய்தது. வீட்டில் பெற்றோருக்கு இருந்த சலுகையையும் 2019-இல் அரசியல் சாசன நீதிமன்றம் நீக்கிவிட்டது. "ரெண்டு போடுங்க டீச்சர், நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்று அம்மாவே சொன்னாலும் முடியாது என்று சொல்லுங்கள். ஒரு பிள்ளை கடித்துவிட்டால், முதலில் கடிபட்டவனைக் கவனியுங்கள், பிறகு கடித்தவனின் உயரத்துக்குக் குனிந்து, ஒரே வாக்கியம்: "கடிச்சா வலிக்கும்." நீண்ட உபதேசம் இரண்டு வயதில் ஏறாது.

கொடுமை நடக்கிறது என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் சிறுவர் சட்டத்தின் 110-ஆம் பிரிவுப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும். படிவம் 22, சமூக மேம்பாட்டுத் துறையிடமோ சிறுவர் பாதுகாப்பு அமைப்பிடமோ போலீஸிடமோ கொடுக்கலாம். இந்தக் கடமை ஆன்டிக்கும் உண்டு. "விடுங்க, நான் பார்த்துக்கிறேன்" என்று டீச்சரோ பிரின்சிபாலோ சொன்னதால் அது தீர்ந்துபோவதில்லை. பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். அது சொன்ன வார்த்தையை அப்படியே, நேரத்தோடு எழுதுங்கள். சந்தேகத்துக்குரிய வீட்டாரிடம் முன்கூட்டிச் சொல்லவும் கூடாது. எப்படித் தொடங்குவதென்று தெரியாவிட்டால் சைல்ட்லைன் எனப்படும் சிறுவர் உதவி எண் 116.

வீட்டுக்கு அனுப்புதல்

இப்போது வாசலில் ஆன்டி, உள்ளே டீச்சர் என்று மாறிக்கொள்ளலாம். அன்றைய செய்தியைச் சொல்ல வேண்டிய பெற்றோர் இருந்தால் மட்டும் டீச்சர் வாசலுக்கு வரட்டும். எழுதிக் கொடுத்த பட்டியலில் பெயர் இல்லாதவரிடம், மாமாவே ஆனாலும், அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்காமல் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது. பதினைந்து பேர் வந்தார்களானால் பதினைந்து கையெழுத்து இருக்க வேண்டும்.

வேனில் போகிறவர்களை ஏற்றும்போது ஒருமுறை, இறக்கும்போது ஒருமுறை பெயர் சொல்லி எண்ணுங்கள். கடைசிப் பிள்ளை இறங்கியதும் டிரைவர் பின்சீட்டுவரை நடந்து போய், சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்க்க வேண்டும்; தூங்கிவிட்ட பிள்ளை கண்ணாடியில் தெரியாது. டர்பன் வெயிலில் பூட்டிய வேன் சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும். பார்த்தாயிற்று என்று டிரைவர் நேரத்தோடு கையெழுத்திட்ட தாள் டீச்சர் கையில் வந்து சேர்ந்தபிறகே கேட்டைப் பூட்டலாம்.