கோட்டை வாசலிலிருந்து இராவணன் வெட்டு வரை: கணினிக்கூடத்தில் ஓர் எழுத்து விளையாட்டு

படம் இல்லை, சத்தம் இல்லை. "நீங்கள் கோட்டை வாசலில் நிற்கிறீர்கள்" என்று ஒரு வரி வரும். திசையைத் தட்டினால் அடுத்த இடம். அங்கே வேறொருவர் நின்றால் அவரோடு கதைக்கலாம், சண்டையும் பிடிக்கலாம். இதற்குப் பெயர் மட். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷோ தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்தது. பல்கலைக்கழகத்தின் பிடிபி-10 என்ற பெரிய கணினியில் வெளியாட்கள் விளையாட நடுச்சாமம் தாண்டும்வரை காத்திருக்க வேண்டும். பகலில் அது படிப்புக்கு. 1987இல் வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் இதே வகையில் அபெர்மட்டை எழுதிய அலன் கொக்ஸ், பிறகு லினக்ஸ் இயங்குதள உலகில் பெரிய பெயர் எடுத்தார்.

நமக்கு அவ்வளவு பெரிய இயந்திரம் வேண்டாம். கணினிக்கூடத்தின் மூலையில் கிடக்கும் பழைய கணினி ஒன்று போதும். நிறுவ இணையம் தேவை. ஆனால் முதல் வேலை, பொறுப்பாளரிடம் அனுமதி. எந்தக் கணினி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, வெளி இணையத்துக்குத் திறக்கமாட்டோம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கேட்காமல் ஓட்டிவிட்டு மாட்டிக்கொண்டால் விளையாட்டோடு உங்கள் கணக்கும் போகும்.

சரி, நிறுவுவோம். உபுண்டு இயங்குதளமும் பைத்தன் 3.12 நிரல்மொழியும் உள்ள கணினி என்று வைத்துக்கொள்கிறேன். மட் விளையாட்டுகளை உருவாக்கும் எவெனியா என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தப் போகிறோம். கட்டளைகளை இங்கே தமிழ் உச்சரிப்பில் தருகிறேன்; நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். எவெனியாவில் 'என்' இரண்டு.

முதலில் 'வென்வ்' (வி-இ-என்-வி) மூலம் பைத்தனுக்குத் தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி, அதை இயக்குங்கள். மற்றவர்களின் பாடவேலைகளைக் குழப்பாமலிருக்க இது அவசியம். பிறகு 'பிப் இன்ஸ்டால் எவெனியா'. அப்புறம் 'எவெனியா', இடைவெளி, இரண்டு சிறு கோடு, 'இனிட்', இடைவெளி, விளையாட்டின் பெயர். அந்தப் பெயரில் வரும் கோப்புறைக்குள் போய் 'எவெனியா மைக்ரேட்', அடுத்து 'எவெனியா ஸ்டார்ட்'. முதல் தடவை நிர்வாகியின் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். அவ்வளவுதான். அதே கணினியின் பிரவுசரில் 'லோக்கல்ஹோஸ்ட்', முக்காற்புள்ளி, 4001 என்று போட்டால் பக்கம் திறக்கும்.

அடுத்த மேசையிலிருந்து வருவதற்கு, லோக்கல்ஹோஸ்டுக்குப் பதில் உங்கள் கணினியின் ஐபி முகவரியை (வலையமைப்பில் அதற்குரிய எண்ணை)ப் போட வேண்டும். நான் இடறி விழுந்தது இந்த இடத்தில். 4001 என்ற வாசலை (போர்ட்), வெளித் தொடர்பைத் தடுக்கும் ஃபயர்வாலில் திறந்துவிட்டு எல்லோரையும் கூப்பிட்டேன். "மச்சான், பக்கம் வருது, ஆனா ஒண்டும் எழுத ஏலாமக் கிடக்கு" என்றான் ஒருவன். ஒரு மணி நேரம் கேபிளை எல்லாம் பிடுங்கிப் பார்த்தோம். விஷயம் என்னவென்றால், பக்கம் வருவது 4001 வழியாக; நீங்கள் தட்டும் எழுத்து போய்வருவது 4002 வழியாக. இரண்டையும் திறக்க வேண்டும். பிரவுசர் இல்லாமல் டெல்நெட் என்ற பழைய எழுத்து இணைப்பில் வரும் ஆட்களுக்கு 4000. விண்டோஸின் பழைய கறுப்புத் திரையில் தமிழ் உடைந்து தெரியும் என்பதால் பிரவுசரே நல்லது.

இனி உலகம். நிர்வாகியின் பெயரோடு உள்ளே போனதும் 'லிம்போ' என்ற வெற்றிடத்தில் நிற்பீர்கள். புதிதாக வருபவர்களும் அங்கேதான் இறங்குவார்கள், ஆகவே அதையே திருகோணமலைக் கோட்டை வாசல் ஆக்குவோம். 'நேம் ஹியர் = கோட்டை வாசல்' என்று தட்டுங்கள். பிறகு 'டனல் என்இ = மான் வெளி'. என்இ என்பது வடகிழக்கு. புது இடமும் போகவர வழியும் ஒன்றாகவே உருவாகிவிடும். அங்கே நடந்து போய், 'டெஸ்க்' (டி-இ-எஸ்-சி) என்று தட்டி விவரணையை எழுதுங்கள்.

நிறுவ அரை மணி நேரம் போதும். நல்ல விவரணை எழுதத்தான் நாட்கள் பிடிக்கும். "இது ஒரு அழகான இடம்" என்று எழுதினால் ஒருவரும் இரண்டாம் தடவை வரமாட்டார்கள். நான் மான் வெளிக்கு எழுதியது: "புள்ளிமான் ஒன்று உங்கள் கையிலிருக்கும் பையை முகர்ந்து பார்க்கிறது. மேலே கோணேசர் கோயில் மணி கேட்கிறது." இதைப் படித்ததும் பையில் என்ன இருக்கிறது என்று தேடாதவர் இல்லை. அப்படியே கோயில், அதனருகே பாறைப் பிளவான இராவணன் வெட்டு என்று நீட்டுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் ஏழு இடங்களாகச் செய்தால், ஒவ்வொன்றிலும் சூடு மாறுவதை எழுத்தில் காட்டுங்கள். ஒரே வரியை ஏழு தடவை ஒட்டுவதற்கு ஒரு கிணறு போதும்.

நண்பர்கள் வரும்போது 'கிரியேட்', பெயர், கடவுச்சொல் என்று தட்டிக் கணக்குத் திறந்து, 'கனெக்ட்' என்று அதே பெயரோடும் கடவுச்சொல்லோடும் நுழைவார்கள். பெயரை ஆங்கில எழுத்தில் வைக்கச் சொல்லுங்கள், மற்றவர்கள் கூப்பிடத் தட்டுவது எளிது. பேச 'சே'. நிரலில் ஏதும் மாற்றினால் 'ரீலோட்' போதும். ஆடிக்கொண்டிருப்பவர்களின் இணைப்பு அறாது.

கூடம் பூட்டும் நேரம் வந்தால் 'எவெனியா ஸ்டாப்' போட்டு நிறுத்துங்கள். 'சேர்வர்' கோப்புறைக்குள் 'எவெனியா.டிபி3' என்று ஒரு கோப்பு இருக்கும். நீங்கள் கட்டிய இடங்களும் ஆட்களின் கணக்குகளும் அதற்குள்தான். பென் டிரைவில் அதை எடுத்துக்கொண்டு எழும்புங்கள். காலையில் யாராவது அந்தக் கணினியைத் துடைத்து விண்டோஸ் போட்டிருக்கக்கூடும்.